இட்லிப் பொடி லேபிளில் என்ன எழுதலாம்? யோசனை சொல்லுங்க

வணக்கம் மக்களே. பெங்களூரு அல்சூரில் நானும் அண்ணியும் வீட்டிலேயே இட்லிப் பொடி அரைச்சு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து விக்கிறோம். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இருக்கு. லேபிள் டிசைன் பண்ற தம்பி, "பாட்டி கைமணம், 100% ஒரிஜினல்"னு போடச் சொல்றார். எங்க பாட்டி அடுப்படிப் பக்கமே வந்ததில்லைங்க! அதோட, 2018 உணவு விளம்பர விதிகள்படி ஒரிஜினல், பியூர் மாதிரி வார்த்தைகளை இஷ்டத்துக்குப் போடவும் முடியாது.

நிஜத்தில் நாங்க செய்யறது இதுதான்: உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள் எல்லாம் இரும்பு வாணலியில் தனித்தனியா வறுப்போம். எள் படபடன்னு பொரியும்போதே இறக்கிடணும், கொஞ்சம் விட்டா கசக்கும். ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும்தான் அரைப்போம். வறுக்கிற அக்காக்களுக்கு லாபத்தில் பங்கு.

அந்தப் பங்கு விஷயத்தை லேபிளில் சொல்லலாமா, இல்ல அனுதாபம் தேடுற மாதிரி இருக்குமா? கன்னடத்தில் ரெண்டு வரி பிழையில்லாம எழுதித் தர யாராவது இருக்கீங்களா? பொடி பாக்கெட் ஒண்ணு உறுதி.