காஸ்பல் ராப்: விருந்தினர் குரலுக்கு எங்கே இடம் விடுவது, எங்கே சறுக்கும்

பாட்டை முழுக்க முடித்துவிட்டு, கடைசியில் ஒருவரைக் கூப்பிட்டு 16 பார் (தாளச் சுற்று) பாடவைப்பது சாதாரண ராப்புக்கு ஓடும். காஸ்பல் (கறுப்பின அமெரிக்கரின் தேவாலய இசை) சாயலுக்கு ஓடாது. அங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் ஆராதனையில் இருப்பதுபோல ஒரு வேலை உண்டு: ஒருவர் சாட்சி சொல்வார், ஒருவர் உருகிப் பாடுவார், கொயர் (பாடகர் குழு) பதில் கொடுக்கும், ஒருவர் ஜெபிப்பார்.

அமெரிக்க ராப்பர் கன்யே வெஸ்டின் ‘அல்ட்ராலைட் பீம்’ (2016) பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். விருந்தினரில் முதலில் பாடகர் தி-ட்ரீம், பிறகு பாடகி கெல்லி பிரைஸ், அதன்பின் சான்ஸ் தி ராப்பர், முடிவில் காஸ்பல் இசைஞர் கர்க் ஃபிராங்க்ளினின் ஜெபம். பாட்டுக்குச் சொந்தக்காரரே முழு ராப் வெர்ஸ் (சரணம்) எடுக்கவில்லை. அது சான்ஸுக்குப் போகிறது. டிரம் விழுந்ததும் நீண்ட மௌனம். அந்த வெற்றிடம்தான் இத்தனை குரல்களையும் தாங்குகிறது. பீட்டில் (பின்னணி இசையில்) ஏற்கெனவே ஆர்கன், பேட் (நீண்டு ஒலிக்கும் சின்த்), ஹைஹேட் (சிம்பல் தட்டல்) எல்லாம் நிரம்பியிருந்தால் கொயர் வந்தவுடன் ராப்பின் சொற்கள் மூழ்கிவிடும். கொயரும் ராப் குரலும் ஒரே நடு அலைவரிசையில் மோதுவதுதான் காரணம். வெர்ஸ் ஓடும்போது கொயரை ‘ஊ’ என்று மூடிய வாயொலியில் வையுங்கள். ‘ஆ’ ஹூக்குக்கு (பல்லவிக்கு) மட்டும்.

—

சுருதி விஷயத்தில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். 808 பேஸ் (டிரம் மெஷினின் ஆழ்ந்த தாழ் ஒலி) நன்றாக அதிர்கிறது என்று எஃப் சுருதியில் பீட்டைக் கட்டிவிடுவார்கள். பாட வரும் பெண்ணின் உச்சக்குரல் சி-யில் இருக்கும். சி-க்கு மாற்றினால் பேஸ் சுமார் 33 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், போன் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. ஒரு ஆக்டேவ் ஏற்றி 65-இல் வைக்க வேண்டும், அல்லது சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் விளைவு) போட்டு மேல் ஒலிகளை வரவழைக்க வேண்டும். அதனால் பீட்டைப் பூட்டுவதற்கு முன்பே, பாட்டின் மிக உயர்ந்த வரியை மூன்று சுருதிகளில் பாடி போனில் அனுப்பச் சொல்லுங்கள்.

முடிவில் அரை சுரம் அரை சுரமாக ஏறும் வேம்ப் (திரும்பத் திரும்ப வரும் முடிவுப் பகுதி) வேண்டுமென்றால் 808-உம் கூடவே ஏற வேண்டும். லூப்பாக ஓடும் சாம்பிளை (வேறு பதிவிலிருந்து வெட்டியெடுத்த துண்டை) டைம்-ஸ்ட்ரெச் (சுருதியைத் தொடாமல் வேகத்தை மாற்றும் வசதி) இல்லாமல் அரை சுரம் ஏற்றினால் வேகமும் ஏறக்குறைய 6 சதவீதம் கூடிவிடும். கைதட்டல் தாளத்தை விட்டு விலகும்.

—

கொயர் பதிவு பற்றி. காஸ்பலில் பெரும்பாலும் சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்), ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்), டெனர் (உயர்ந்த ஆண்குரல்) என மூன்று பகுதிகள்தான். ஆண் பேஸ் குரலைத் தேட வேண்டாம். பத்துப் பேர் போதும். ஒவ்வொரு டேக்குக்கும் (பதிவுச் சுற்றுக்கும்) அவர்களை இடம் மாற்றி நிறுத்தி, மைக்கை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து நான்கு டேக் எடுத்தால் பெரிய கூட்டம்போலக் கேட்கும். இடம் மாற்றாமல் எடுத்தால் அதே பத்துப் பேர் சத்தமாகப் பாடுவதுபோல்தான் இருக்கும். வரிகளின் கடைசி மெய்யெழுத்தை ஒருவர் மட்டும் உச்சரிக்கட்டும், இல்லையேல் ‘ஸ்’ நாலு தடவை சிதறி விழும்.

கொயரை நேரில் கூப்பிடாமல் சாம்பிளாக எடுப்பதும் ஒரு வழி. கன்யேவின் 2004-இன் ‘ஜீசஸ் வாக்ஸ்’ பாட்டில் நியூயார்க் ஹார்லெமின் ஏ.ஆர்.சி. கொயர் அப்படித்தான் வருகிறது. ஆனால் சாம்பிளிடம் ‘இந்த வரியில் தணிந்து பாடு’ என்று கேட்க முடியாது. ஒலிப்பதிவு உரிமை, இயற்றிய உரிமை என இரண்டு அனுமதியும் வேண்டும்.

—

வெளியூரிலிருந்து குரல் அனுப்புவோரிடம் 24-பிட் வேவ் கோப்பு கேளுங்கள், முதல் பாரிலிருந்தே தொடங்கி, ரிவெர்ப் (எதிரொலி விளைவு) இல்லாமல். 70 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி) பாட்டை அவர் 140 என்று திறந்திருக்கலாம், அதையும் எழுதியே அனுப்புங்கள். பங்கு விவரத்தை அதே வாரத்தில் கையெழுத்தாக வாங்கிவிடுங்கள். பாடகி அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடிய அட்-லிப் பின்னால் ஹூக்காகவே மாறிவிட்டால், அவர் பாட்டை இயற்றியவர்களில் ஒருவர்.