தோடர் மொழிப் பதிவுகளுக்கு உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். ஊட்டியைச் சுற்றியுள்ள மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) தோடர் மொழியை ஒலிப்பதிவு செய்து வருகிறேன். 2001 கணக்கெடுப்பின்படி இதைப் பேசுபவர்கள் சுமார் 1,600 பேர். மொழியியல் அறிஞர் எமனோ 1930களில் இங்கே வந்து கேட்டு எழுதியதெல்லாம் 1984-இல் இலக்கண நூலாக வெளிவந்தது. அருமையான உழைப்பு, ஆனால் ஆங்கிலத்தில், அறிஞர்களுக்காக எழுதப்பட்டது. தோடர் பிள்ளைகள் தாங்களே படிக்கும்படி ஓர் எளிய இலக்கணம் வேண்டும் என்பதே என் ஆசை.

எழுத்தில்தான் இடறுகிறேன். சென்ற வாரம் ஒரு பாட்டி, புத்குளி எனும் தோடர் போர்வையில் பூத்தையல் போட்டுக்கொண்டே மூன்று ரகரங்களைச் சொல்லிக் காட்டினார். நாக்கு பல்லருகே ஒருமுறை, சற்று மேலே ஒருமுறை, வளைந்து ஒருமுறை. மூன்றும் அதிர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் கொண்ட இணையும் உண்டு, ஆக ஆறு! நம்மிடம் இருப்பவை ர, ற இரண்டே. நான் தவறாகச் சொன்னபோதெல்லாம் ஊசியை நிறுத்திவிட்டுத் திருத்தினார்.

இந்த ஆறையும் தமிழ் எழுத்தில் குறியிட்டுக் காட்டலாமா? ஒலியியல் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். பதினொரு மணி நேரப் பதிவு கையில் இருக்கிறது; ஒலிப்பதிவைக் கேட்டுக் குறிப்பெழுத உதவும் எலான் (ELAN) மென்பொருளில் அதை வரிவரியாகப் பிரித்தெழுதக் கற்றுத்தர யாராவது முன்வந்தால் பெரிய உதவி. பழைய தோடர் பாட்டு நாடாக்கள் எவர் வீட்டிலாவது இருந்தால் தெரிவியுங்கள். பாடியவர் குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிட மாட்டேன்.