18 இன்ச் பேஸ் பாக்ஸ்: மண்டபத்தில் அதிருது, வெளியில் போனால் காணோம். எப்படி டெஸ்ட் செய்வது?

செட்டுக்கார மருமகன்:

வணக்கம். மாமா கோவில்பட்டி பக்கம் மைக் செட் வைத்திருக்கிறார். குழாயும் டியூப் லைட்டும் கட்டியே பல வருஷம் ஓடிய தொழில், இப்போது கோயில் கொடைக்குக் கொடை லைட் மியூசிக் என்று ஆகிவிட்டதால் பேஸ் பாக்ஸ் இல்லாமல் ஆர்டர் பிடிக்க முடியவில்லை. ரெடிமேட் வாங்கக் கையில் காசு இல்லை. அதனால் சென்னை ரிச்சி தெருவில் 18 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு வாங்கி, வாடகைக்கு வந்த ஒரு பாக்ஸை அளந்து, அதே அளவில் ஆசாரியிடம் 18 எம்எம் பிளைவுட்டில் இரண்டு பாக்ஸ் அடித்தோம். உள்ளளவு அகலம் 50, உயரம் 60, ஆழம் 65 சென்டிமீட்டர். கீழே முழு அகலத்துக்கும் 8 சென்டிமீட்டர் உயரமுள்ள போர்ட், அதாவது காற்று போய் வரும் திறப்பு. அசல் பாக்ஸில் அந்தப் போர்ட் பலகை உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க முடியவில்லை, முன்னால் கிரில் அடித்திருந்தது. ஆசாரி 10 சென்டிமீட்டர் போதும் என்று வைத்துவிட்டார்.

கல்யாண மண்டபத்தில் போட்டபோது ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆடியது. போன வாரம் கோயில் பொட்டலில் போட்டோம், மேடைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. டம் டம் என்று ஒரே சுருதியில் ஒரு சத்தம், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. பேஸ் கிட்டார்க்காரர் கீழே இறங்கினால் கோன் மட்டும் முன்னும் பின்னும் துடிக்கிறது, சத்தம் வரவில்லை, ஒரு பாக்ஸில் "புர்ர்ர்" என்று வேறு. ஸ்பீக்கருக்கு டேட்டா ஷீட் கிடையாது, மேக்னட்டில் 1000 வாட்ஸ் என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும். ஸ்பீக்கர் மட்டமா, பாக்ஸ் தப்பா, ஆம்ப் போதவில்லையா? லேப் எல்லாம் இல்லை, ஒரு மல்டிமீட்டர், ஒரு லேப்டாப் இருக்கிறது.

முத்துநகர் சவுண்ட்:

தம்பி, முதலில் காசு செலவில்லாத வேலையைப் பாருங்கள். ஒரு 1.5 வோல்ட் செல்லை எடுத்து, ஆம்ப் பக்கம் வரும் ஒயரின் சிவப்பு முனையில் பிளஸ் வைத்துத் தொடுங்கள். கோன் வெளியே தள்ள வேண்டும். இரண்டு பாக்ஸும் ஒரே பக்கம் தள்ளுகிறதா என்று பாருங்கள். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், பொட்டலில் பேஸ் காணாமல் போவதற்குப் பாதி இடங்களில் இதுதான் காரணம். ஸ்பீக்கரிடம் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு விடாதீர்கள், ஒயரோடு சேர்த்துப் பாருங்கள், கனெக்டருக்குள் மாறியிருக்கும்.

அடுத்தது, இரண்டு பாக்ஸையும் மேடையின் இரண்டு பக்கமும் பிரித்து வைக்காதீர்கள். 40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். ஒட்டி வைத்தால் இரண்டும் ஒரே பெரிய பாக்ஸாக வேலை செய்யும், தனி ஒன்றை விட 6 டெசிபல் வரை கூடும். பிரித்து வைத்தால் நடுவில் நிற்பவனுக்குப் பேஸ் இருக்கும், தள்ளி நிற்பவனுக்குச் சில இடங்களில் இருக்காது. கமிட்டிக்காரர்கள் இரண்டு பக்கமும் பாக்ஸ் தெரிய வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள், அந்தப் பக்கம் காலிப் பாக்ஸை வைத்தாவது சமாளியுங்கள்.

அந்த "புர்ர்ர்" காற்றுக் கசிவாக இருக்கலாம். 40 ஹெர்ட்ஸ் டோனை மிதமாக ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைப் பொருத்தி ஸ்பீக்கர் விளிம்பு, மூலை, டெர்மினல் பெட்டி, கைப்பிடி என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். கசிகிற இடத்தில் புகை வெடுக் வெடுக்கென்று அடிக்கும். பொதுவாக டெர்மினல் பெட்டியும் கைப்பிடியும்தான் திருடன். கசிவே இல்லையென்றால் கோனுக்குப் போகும் சடை ஒயர் கோனில் இடிக்கிறதா என்று பாருங்கள். மர ஸ்குரூ போட்டிருந்தால் கழற்றிவிட்டு டீ-நட் (பலகையின் பின்பக்கம் அடிக்கும் மரை) அடித்து போல்ட் போடுங்கள், ஒரு சீசன் வண்டியில் ஆடினாலே மர ஸ்குரூ லூஸ் ஆகிவிடும்.

ஓம் விதி:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் எனக்குச் சந்தேகம் போர்ட் மேல்தான். காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருமே, போர்ட் வைத்த பாக்ஸும் அதேதான். உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு, போர்ட்டின் பரப்பு, போர்ட்டின் நீளம் மூன்றும் சேர்ந்து அந்தச் சுருதியை முடிவு செய்கின்றன. அசல் பாக்ஸின் வெளி அளவை அச்சாக எடுத்து நீளத்தை மட்டும் மாற்றினால் அது வேறு பாக்ஸ். உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டேன். ஸ்பீக்கர், போர்ட், குறுக்குக் கட்டை கழித்தால் சுமார் 180 லிட்டர், போர்ட் 400 சதுர சென்டிமீட்டர், அதன் ஆழம் 10 சென்டிமீட்டர் என்றால் சுருதி 50 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. பேஸ் கிட்டாரின் கீழ்க் கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதிக்கு, அதாவது டியூனிங்குக்குக் கீழே போனதும் பாக்ஸுக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடிக்காது, திறந்தவெளியில் தொங்கவிட்டது மாதிரி ஆடும். நீங்கள் பார்த்த துடிப்பு அதுதான். மண்டபத்தில் தெரியாததற்குக் காரணம், நாலு சுவரும் கீழ்ச் சத்தத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். பொட்டலில் தூக்கிக் கொடுக்க ஆளில்லை.

என் கணக்கை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். 10 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்பீக்கருக்கு சீரியஸில் போடுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப், அங்கிருந்து மிக்ஸர், ஆம்ப். மலிவு மீட்டரில் ஏசி 200 வோல்ட் ரேஞ்சுதான் குறைந்தது, அதனால் மொத்தமாக 8, 10 வோல்ட் வரும்படி வையுங்கள், இல்லையென்றால் ரீடிங் தெரியாது. ஸ்பீக்கர் மேல் உள்ள வோல்ட்டை ரெசிஸ்டர் மேல் உள்ள வோல்ட்டால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் அந்த அலைவரிசையில் இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் காட்டும் மின் எதிர்ப்பு, ஓமில். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி இரண்டு இரண்டாக ஏற்றி 120 வரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மேடு வரும், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம்தான் பாக்ஸின் டியூனிங். கண்ணாலும் பார்க்கலாம்: டோனைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து கோனில் விரல் நுனியை வையுங்கள், ஓர் இடத்தில் கோன் கிட்டத்தட்ட நின்றுவிடும், அதே நேரம் போர்ட்டில் காற்று பலமாக அடிக்கும்.

லேப்டாப்பில் ரூம் ஈக்யூ விசார்ட் போட்டு இதையே கோடாக எடுக்கலாம், மென்பொருள் இலவசம். ஆனால் ஆம்ப் அவுட்புட்டை நேராக லேப்டாப் மைக் ஓட்டையில் செருகிவிடாதீர்கள், லேப்டாப் போர்டு போய்விடும்.

பழைய பாக்ஸ் பிரியன்:

இவ்வளவு பாடு எதற்கு? ஸ்பீக்கர், பிளைவுட், ஆசாரி கூலி, பெயிண்ட், கார்னர், சக்கரம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். தொழிலை விட்டுப் போகிறவர்களிடம் நல்ல கம்பெனி பாக்ஸ் பழசு அதை ஒட்டிய விலைக்கே வரும். அதற்கு டேட்டா இருக்கும், விற்றாலும் காசு திரும்பும். வீட்டுப் பாக்ஸை விறகு விலைக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான்.

முத்துநகர் சவுண்ட்:

பழைய பாக்ஸ் வாங்கி உள்ளே ரீகோன் செய்த (கோன் மாற்றிய) ஸ்பீக்கர் இருந்த கதை ஊருக்கு நாலு இருக்கிறது அண்ணே. எதை வாங்கினாலும் இதே டெஸ்ட்டைச் செய்துதான் ஆக வேண்டும், அப்புறம் எந்த வழியில் போனால் என்ன?

செட்டுக்கார மருமகன்:

எல்லோருக்கும் நன்றி. செல் வைத்துப் பார்த்தேன், இரண்டும் வெளியேதான் தள்ளுகிறது. புர்ர் சத்தம் டெர்மினல் பெட்டிதான், புகை அங்கே மட்டும் ஆடியது, சிலிகான் வைத்து அடைத்ததும் நின்றுவிட்டது. ரெசிஸ்டர் வைத்து அளந்ததில் பள்ளம் 48-ல் விழுகிறது, அங்கே ஆறரை ஓம் சொச்சம். இரண்டு பாக்ஸிலும் அதே. விரல் வைத்தால் கோன் நிற்பதும் அங்கேதான், மாமாவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், நம்பவே இல்லை. இப்போது பலகையை எவ்வளவு நீட்ட வேண்டும்? 1000 வாட்ஸ் ஸ்டிக்கரை நம்பி ஆம்ப் வாங்கலாமா?

ஓம் விதி:

48 என்றால் கணக்கோடு ஒட்டியே வருகிறது. தரையையும் பக்கச் சுவரையும் ஒட்டிய போர்ட் கொஞ்சம் நீளம் கூடிய மாதிரி நடந்துகொள்ளும், அதனால் 2 ஹெர்ட்ஸ் இறங்கியிருக்கிறது. 38-க்கு இறக்க வேண்டுமென்றால் போர்ட்டின் மொத்த ஆழம் 30 சென்டிமீட்டர் வேண்டும், அதாவது இன்னும் 20 சேர்க்க வேண்டும். அந்த நீட்டல் பாக்ஸுக்குள் 10 லிட்டர் வரை தின்னும், அதையும் கழித்துத்தான் சொல்கிறேன். பின்சுவருக்கு இன்னும் 35 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும், பிரச்சினை இல்லை. முதலில் ஃபெவிகால் போடாமல் ஸ்குரூவில் மட்டும் நிறுத்தி, இடுக்கில் டேப் ஒட்டி, பள்ளம் எங்கே விழுகிறது என்று மறுபடி அளந்துவிட்டு ஒட்டுங்கள்.

ஒரு விஷயம். டியூனிங்கை இறக்குவதால் எல்லா ஸ்பீக்கரும் 38 வரை நன்றாகப் பாடும் என்று இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றித் தனியாகத் தொங்கவிட்டு அதே ரெசிஸ்டர் டெஸ்ட் செய்யுங்கள், ஒரே ஒரு மேடு வரும், அதுதான் அதன் சொந்தச் சுருதி. பிறகு கோன் நடுவில் டஸ்ட் கேப்பைச் சுற்றி 100 கிராம் களிமண்ணைச் சமமாக ஒட்டி மறுபடி அளந்தால் மேடு கீழே இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து மீதி அளவுகளை ரூம் ஈக்யூ விசார்ட்டே கணக்குப் போட்டுக் கொடுக்கும், அதை வின்ஐஎஸ்டி என்ற பாக்ஸ் டிசைன் மென்பொருளில் போட்டால் பாக்ஸுக்குப் பொருந்துகிறதா என்று தெரியும். ஆஸ்திரேலியாவில் தீல் என்ற பொறியாளர் 1961-லும் ஸ்மால் என்பவர் 70-களின் தொடக்கத்திலும் எழுதி வைத்த கணக்குதான் இன்றைக்கும் எல்லா மென்பொருளிலும் ஓடுகிறது.

ஸ்டிக்கர் வாட்ஸ் பீக்காக, அதாவது கணநேர உச்ச அளவாக இருக்கலாம், யாருக்கும் தெரியாது. 500 என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 8 ஓமில் 500 வாட் என்றால் 63 வோல்ட், அதற்கு மேல் போகாமல் தடுக்கும் லிமிட்டரை அதற்குக் கட்டுங்கள். லிமிட்டரை விட முக்கியம், மிகக் கீழ்ச் சத்தத்தை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர்: 35 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 24 டெசிபல். இது இல்லாமல் பொட்டலில் ஏற்றினால், யாரோ மைக்கைக் கீழே போட்டாலே கோன் கிழியும்.

முத்துநகர் சவுண்ட்:

முடிந்ததும் கொடையில் நேராகப் போட்டுப் பார்க்காதீர்கள். ஊருக்கு வெளியே சுவர் இல்லாத கட்டாந்தரை ஒன்றைப் பிடித்து, பாக்ஸைத் தரையில் வைத்து, மைக்கையும் ஸ்டாண்ட் இல்லாமல் இரண்டு மீட்டர் தள்ளித் தரையிலேயே படுக்க வைத்து ஸ்வீப் (கீழிருந்து மேலே ஏறும் டோன்) ஓட்டி அளவு எடுங்கள். மைக்கைத் தூக்கி நிறுத்தினால் தரையில் பட்டு வரும் சத்தம் கோட்டைக் குழப்பும். காற்றடிக்காத காலை நேரம் பாருங்கள், மதியம் எங்கள் பக்கம் காற்றே ரீடிங்கைத் தின்றுவிடும். போன் மைக்கில் கீழ்ச் சத்தம் சரியாக ஏறாது, டெசிபல் ஆப்பை பலகை நீட்டுவதற்கு முன், பின் என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அதே போன், அதே இடம். பலகை நீட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை எடுத்துவிடுங்கள், அப்புறம் ஒப்பிட எதுவும் இருக்காது.