பனியுகக் கடல் வெப்பநிலை: ஆக்சிஜன்-18 அளவில் குளிரின் பங்கு எவ்வளவு?

கேள்வி – கடற்சேறு
வங்கக்கடல் அடிமண் தரவு ஒன்றை வைத்துக் கணக்குப் போடுகிறேன். கடல் மேற்பரப்பில் வாழும் குளோபிஜெரினாய்டெஸ் ரூபர் என்ற ஒற்றைச்செல் உயிரியின் சுண்ணாம்பு ஓடுகள்தான். இன்றைய ஓட்டைவிட 21,000 ஆண்டுக்கு முந்தைய, அதாவது பனியுக ஓட்டில் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) அளவு 1.8 பெர்மில் (ஆயிரத்தில் 1.8 பங்கு) கூடுதல். நீர் குளிரக் குளிர ஓட்டில் இது கூடும்; டிகிரிக்கு 0.22 பெர்மில் என்று வகுத்தால் 8 டிகிரி குளிர் வருகிறது. வெப்பமண்டலக் கடலுக்கு இது ரொம்ப அதிகம். இதில் உண்மையான குளிர் எவ்வளவு?

பதில் – நுண்ணோடு
முதலில் பனிப்பாளத்தின் பங்கைக் கழியுங்கள். கடலிலிருந்து ஆவியாகும் நீரில் இலகுவான ஆக்சிஜன்-16 தூக்கலாக இருக்கும். அது துருவப் பக்கம் பனியாக உறைந்து தங்கிவிட்டால், மிஞ்சிய கடல்நீரில் 18 கூடிவிடும். 1955இல் எமிலியானி என்ற ஆய்வாளர் ஓடுகளில் தெரியும் இந்த மாற்றத்தில் பெரும்பங்கை வெப்பநிலை என்றே எடுத்துக்கொண்டார். பெரும்பங்கு பனியினுடையது என்று 1967இல் ஷாக்கில்டன் என்ற இன்னொரு ஆய்வாளர் வாதிட்டார். கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியிருந்த அந்தக் காலத்துக்கு இப்போது ஏற்கப்படும் பனியின் பங்கு ஏறக்குறைய 1.0 பெர்மில். அடிமண்ணின் துளைகளில் இன்னும் சிக்கிக் கிடக்கும் பனியுக நீரைப் பிழிந்து அளந்ததும் இதற்கு ஆதாரம். கழித்தால் 0.8 மிச்சம். அதை முழுக்கக் குளிர் என்று வைத்தாலும் 3.6 டிகிரிதான்.

பதில் – அலைவரிசை
அதையும் முழுக்கக் குளிர் என்று வைக்கக் கூடாது, வங்கக்கடலில் நிச்சயமாகக் கூடாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரில் ஆக்சிஜன்-18 குறைவு. பனியுகத்தில் பருவமழை தளர்ந்து ஆற்றுநீர் குறைந்தபோது, குளிரே இல்லாமலும் ஓட்டின் அளவு ஏறும்.

அதனால் அதே ஆழத்து மண்ணில், அதே இன ஓடுகளில் மெக்னீசியம்/கால்சியம் விகிதம் பாருங்கள். நீர் சூடானால் அது கூடும், குளிர்ந்தால் குறையும்; டிகிரிக்குச் சுமார் 9 சதவீதம். பனியின் அளவு இதைத் தொடாது. உதாரணமாக விகிதம் 4.0இலிருந்து 3.2 மில்லிமோல்/மோலுக்கு இறங்கியிருந்தால் குளிர் 2.5 டிகிரி. அதை 0.22ஆல் பெருக்கினால் 0.55 பெர்மில். 1.8இலிருந்து பனிக்கு 1.0, குளிருக்கு 0.55 போக, மிஞ்சும் 0.25தான் உப்புத்தன்மையின் கணக்கு, அதாவது நன்னீர் குறைந்ததன் பங்கு.

பதில் – நுண்ணோடு
மெக்னீசியத்தில் கெடுவது பெரும்பாலும் சுத்தம் செய்வதில்தான். களிமண்ணில் மெக்னீசியம் நிறைய இருப்பதால், ஓட்டின் உள்ளறைகளில் அது கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கடல் சூடாக இருந்ததுபோல் காட்டும். ஓடுகளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்ல அழுத்தி அறைகளைத் திறந்துவிட வேண்டும், பொடியாக்கிவிடக் கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டியில் தூய நீரிலும் மெத்தனாலிலும் பலமுறை கழுவி, கரிமப் பொருள் போக காரம் சேர்த்த சூடான ஹைட்ரஜன் பெராக்சைடு, கடைசியில் மிக நீர்த்த நைட்ரிக் அமிலம். அலுமினியம், இரும்பு அளவையும் கூடவே எடுங்கள். அவை மெக்னீசியத்தோடு சேர்ந்து ஏறினால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.

மண் எடுத்த இடம் மிக ஆழமா என்றும் பாருங்கள். ஆழத்தில் ஓடு கரையும்போது மெக்னீசியம் மிகுந்த பகுதிதான் முதலில் போகும். அப்போது இல்லாத குளிர் தெரியும்.

கடற்சேறு
அப்படியானால் அந்த 0.25ஐ வைத்து "பருவமழை தளர்ந்தது" என்று எழுதலாமா?

பதில் – அலைவரிசை
ஒரே ஒரு மண் அடுக்கை வைத்து எழுதாதீர்கள். மெக்னீசிய வெப்பநிலையில் 1 டிகிரி பிழை சாதாரணம், அதுவே 0.22 பெர்மில். பனிக் கழிப்பின் பிழை வேறு 0.1 பக்கம் வரும். எல்லாப் பிழையும் கடைசியில் மிஞ்சும் எண்ணில்தான் வந்து விழும். அடுத்தடுத்த அடுக்குகள் பலவற்றில் அதே போக்கு தெரிந்தால் எழுதலாம்.