பெட்டூனியா நாற்றுகள் சாய்ந்து விழுகின்றன

கோவையில் மொட்டை மாடியில் பெட்டூனியா பூச்செடி வளர்க்கிறேன். அக்டோபர் தொடக்கத்தில் குழித்தட்டில், தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து விதைத்தேன். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் விதையை மூடவில்லை. முளைப்பு அருமையாக இருந்தது. இரண்டு இலை விட்டதும்தான் தொல்லை. மண்ணை ஒட்டிய தண்டு நூலாக மெலிந்து பழுப்பாகிறது; காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலைக்குள் சாய்ந்துவிடுகிறது. அதே கலவையில் பக்கத்துத் தட்டு ஜினியா மட்டும் செழிப்பாக நிற்கிறது!

தண்ணீரைத் தட்டின் அடியில் ஊற்றிப் பார்த்தேன். டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்தேன். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினேன். புதுத் தட்டில் மறுபடி விதைத்தும் அதே நிலைதான். மழைக்காலம், ஈரம் குறையவே இல்லை. மீதி விதை கொஞ்சம்தான் இருக்கிறது, அதையும் இழக்க மனமில்லை.

மண்புழு உரத்தைத் தவிர்த்து, வெந்நீர் ஊற்றி ஆறவைத்த நார்க்கழிவில் மட்டும் விதைத்தால் இந்த நாற்றழுகல் நிற்குமா?