கார்பேட்டை (கார் நிறுத்துற இடம்) வாசல் யார் கணக்கு? ஹெச்டிபியா (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), எல்டிஏவா (நிலப் போக்குவரத்து ஆணையம்), நகர மன்றமா?

நாலாம்மாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அடுக்குமாடி புளோக் சிங்கப்பூர்த் தீவோட கிழக்குப் பக்கம். நம்பர் வேணாம், இங்க படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் அக்கம்பக்கத்துக்காரங்களாத்தான் இருப்பீங்க.

அம்மாவுக்கு 79 வயசு. காலையில ஏழு மணிக்குத் தள்ளுவண்டியை இழுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயே ஆகணும். நான் வாங்கிட்டு வர்றேன்னு சொன்னா, "உனக்கு மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாது"ம்பாங்க. உண்மைதான், தெரியாது.

போற வழியில கார்பேட்டை வாசலைக் கடக்கணும். கேட்டு கிடையாது, பழைய திறந்தவெளிக் கார்பேட்டை. வாசலை ஒட்டினாப்ல ஒரு செடிவேலி, என் தோள் உயரத்துக்கு நிக்குது. அம்மா நாலடி பத்து. வண்டி வெளிய வரும்போது அம்மாவுக்கு வண்டி தெரியாது, வண்டிக்காரருக்கு அம்மா தெரியாது. போன மாசம் ஒரு வேன் பிரேக் போட்ட சத்தம் நாலாம் மாடி வரைக்கும் கேட்டுச்சு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை. தள்ளுவண்டி சாஞ்சு சின்ன வெங்காயம் எல்லாம் வாய்க்கால் மூடி இடுக்குல போயிடுச்சு. அதைப் பொறுக்கக் குனிஞ்சிருக்காங்க, அந்த இடத்துலயே!

நானும் எழுதிப் பார்த்துட்டேன். ஒரு இடத்துல "இது எங்க எல்லைக்குள்ள வராது"ன்னாங்க. இன்னொரு இடத்துல அனுப்பி வச்சிருக்கோம்னாங்க, யாருக்குன்னு சொல்லலை. மூணாவது இடத்துலேருந்து நன்றி சொல்லி ஒரு எண் வந்துச்சு, அதோட சரி.

இதுக்கு நடுவுல என் தம்பி சனிக்கிழமை வந்தான். பார்க்கிங் செயலியில அரை மணி நேரத்துக்குக் காசு போட்டுட்டு மேல வந்து, டீ குடிச்சு, அம்மா வடை சுட்டு, ஒரு மணி நேரம் ஆகிப்போச்சு. கீழ போனா சம்மன் (அபராதச் சீட்டு). அம்மாவோட தள்ளுவண்டி சாஞ்சதுக்கு மூணு வாரமா ஆள் வரலை, தம்பி வடை தின்னதுக்கு அன்னைக்கே ஆள் வந்தாச்சு. இந்தப் பார்க்கிங் காசெல்லாம் எங்க போகுது? அதுல ஒரு கத்திரிக்கோல் வாங்க முடியாதா?

யார்கிட்ட, என்னன்னு கேட்டா வேலை நடக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோப்பிஓ எழுதியது:

எம்பியோட மக்கள் சந்திப்புக்குப் போங்க. வாரத்துல ஒரு ராத்திரி புளோக் கீழ உட்கார்ந்திருப்பாங்க. எண் வாங்கிட்டு வரிசையில உட்கார்ந்தா கடிதம் போட்டுக் கொடுப்பாங்க. நான் போயிருக்கேன், ஆனா என் விஷயம் வேற.

பழையசம்மன் எழுதியது:

தங்கச்சி, 19 வருஷம் கார்பேட்டை கார்பேட்டையாச் சுத்திப் பார்க்கிங் கூப்பன் பார்த்து சம்மன் வச்சவன் நான். இப்ப ஓய்வுல இருக்கேன். இதைக் கேட்டதும் திட்டணும்னு தோணுச்சுன்னா திட்டிட்டு மேல படிங்க, பழக்கம்தான்.

எம்பிகிட்ட கடைசியாப் போகலாம். மொதல்ல நாளைக்கு ஏழு மணிக்கு அம்மாவோட போய் அந்த வாசல்ல நில்லுங்க. போனைப் பைக்குள்ள போட்டுட்டுத் தரையைப் பாருங்க. ஒரு இடத்துல தார் நிறம் மாறும். பெரும்பாலும் அந்த வாய்க்கால் மூடி ஒட்டியே இருக்கும். அதுக்கு அந்தாண்டை தெரு, எல்டிஏ. இந்தாண்டை ஹெச்டிபி நிலம். அதுல நிறுத்துற கட்டணம், சம்மன் எல்லாம் ஹெச்டிபி. ஆனா அதே நிலத்தைக் கூட்டுறது, விளக்கு மாத்துறது, செடி வெட்டுறது நகர மன்றத்து ஆளுங்க. தெருவோர மரம் பூங்காக் கழகம். பத்தடிக்குள்ள நாலு பேர். அம்மா வண்டியை இழுத்துட்டு நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள மூணு எல்லை தாண்டுறாங்க.

மழை பெய்யும்போது கூரை போட்ட நடைபாதையை அண்ணாந்து பார்த்திருக்கீங்களா? புளோக்லேருந்து வர்ற கூரை ஒண்ணு, பஸ் நிறுத்தத்துலேருந்து வர்ற கூரை ஒண்ணு. ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு முழம் இடைவெளி விட்டு ஒண்ணு மேல, ஒண்ணு கீழ நிக்கும். தண்ணி நேரா நம்ம பிடரியில இறங்கும். ரெண்டு கூரையையும் கட்டினவங்க வேற வேற ஆளுங்க. எல்லைக்கோட்டைத் தரையில தேட வேண்டியதில்ல, தலையிலயே தெரியும்.

இது நம்ம புலம்பல் மட்டும் இல்ல. 2014 தேசிய தினப் பேருரையில அப்பப் பிரதமரா இருந்த லீ சியன் லூங்கே புக்கிட் கொம்பாக்ல கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சி கதையைச் சொன்னார், ஞாபகம் இருக்கா? புல்சரிவு ஒருத்தர், பூங்கா இணைப்புப் பாதை ஒருத்தர், நடைபாதை ஒருத்தர். குச்சியை யார் எடுக்கிறதுன்னே தெரியலை. அந்த வருஷம் அக்டோபர்லதான் நகராட்சிச் சேவைகள் அலுவலகம்னு ஒண்ணைத் திறந்தாங்க. அடுத்த ஜனவரியில ஒன்சர்விஸ் செயலி வந்துச்சு. படம் எடுத்து அதுல போட்டா யார் இடம்னு கண்டுபிடிச்சு அனுப்புறது அவங்க வேலை. நீங்க வாசல் வாசலா அலையறதை விட்டுட்டு அதுல போடுங்க.

ஆனா ஒண்ணு. எழுதும்போது "இங்கே பாதுகாப்பு இல்லை"ன்னு எழுதாதீங்க. அப்படி எழுதினா ஒரு பொறியாளர் வந்து ஆய்வு செஞ்சு, வண்டிகளை எண்ணி, வரைபடம் போட்டு, கூட்டத்துல வச்சு... அது ஒரு தனி யாத்திரை. நீங்களே கடைசி வரியில சொல்லிட்டீங்களே, கத்திரிக்கோல்னு. அதையே கேளுங்க. "இந்தச் செடிவேலியை வாசலோட ரெண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்க." கத்திரிக்கோலுக்கு ஆய்வு வேண்டாம், தோட்டக்காரர் வாரா வாரம் வர்றவர்தான்.

படம் ரெண்டு எடுங்க. ஒண்ணு அம்மா கண் உயரத்துல. இன்னொண்ணு தம்பியோட காருக்குள்ள ஓட்டுநர் இருக்கையில உட்கார்ந்து. நின்னுகிட்டு எடுத்த படத்துல வேலி சின்னதாத்தான் தெரியும், பார்க்கிறவருக்கு ஒண்ணும் புரியாது. பக்கத்து விளக்குக் கம்பத்துல எண் இருக்கும், அதைக் குறிச்சுக்குங்க. பஸ் நிறுத்தம் இருந்தா அதோட 5 இலக்க எண். "மார்க்கெட்டுக்குப் போற வழி"ன்னு எழுதினா நமக்குத் தெரியும், அலுவலகத்துல இருக்கிறவருக்குத் தெரியுமா?

வெட்டின பிறகும் சரிப்படலைன்னா அப்ப உருண்டைக் கண்ணாடி கேளுங்க, வேகத்தடை மேடு கேளுங்க. வரிசை முக்கியம்.

தம்பி விஷயத்துல நான் சம்மன் வச்ச அண்ணன் பக்கம்தான். ஒரு மணி நேரம் ஆகும்னு தெரிஞ்சா ஒரு மணிக்கே போட்டிருக்கலாம். அந்தச் செயலியில சீக்கிரம் கிளம்பினா மிச்சக் காசு நிமிஷக் கணக்குல திரும்ப வந்துடும். 2017 அக்டோபர்ல அது வர்றதுக்கு முன்னால கேட்டு இல்லாத கார்பேட்டையில காகிதக் கூப்பன் மட்டும்தான். வருஷம், மாசம், நாள், மணி, நிமிஷம்னு வரிசையாக் காது காதா இருக்கும். ஒவ்வொண்ணையும் கிழிச்சு வெளிப்பக்கம் மடக்கி வைக்கணும். மணிக்கான காதை மட்டும் விட்டுட்டு, என் தொப்பி தெரிஞ்சதும் கோப்பிக்கடையிலேருந்து ஓடி வந்து மடக்குவாங்க. கிழிச்ச காதைப் பசை வச்சு ஒட்டினவரையும் பார்த்திருக்கேன். ஒட்டின இடம் வெயில்ல பழுப்பாத் தெரியும், அவருக்கு அது தெரியாது. பிச்சுப் போட்ட காதெல்லாம் தரையில அரிசி இறைச்ச மாதிரிக் கிடக்கும்.

தம்பி அடிக்கடி வர்றவரா? பெத்தவங்களைப் பார்க்க வர்ற பிள்ளைகளுக்குன்னு ஹெச்டிபியில குடும்ப சீசன் (மாசக் கட்டணப் பார்க்கிங் அனுமதி) இருக்கு. நிபந்தனைகளை அவங்க தளத்துல பார்த்துக்கச் சொல்லுங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. நிறைய கார்பேட்டையில ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 7 மணியிலேருந்து ராத்திரி 10.30 வரைக்கும் இலவசம், பலகையில போட்டிருக்கும். வடையும் ஞாயித்துக்கிழமை சுடலாம்.

காசு எங்க போகுதுன்னு கேட்டீங்க. பார்க்கிங் கட்டணம் நகர மன்றத்தோட வருமானம் இல்ல. மன்றம் ஓடுறது நீங்க மாசாமாசம் கட்டுற சேவை, பராமரிப்புக் கட்டணத்துலயும் அரசாங்க மானியத்துலயும். அதனால வெட்ட வேண்டிய கத்திரிக்கோலுக்கு நீங்க ஏற்கெனவே காசு கொடுத்தாச்சு. தைரியமாக் கேளுங்க.

சிவப்புக்கோடு எழுதியது:

அண்ணன் நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா கட்டணத்தைப் பத்தி இவ்வளவு லேசாச் சொல்லிட்டுப் போனா எப்படி? 2016 டிசம்பர்ல அரை மணிக்கு 50 காசா இருந்ததை 60 காசாக்கினாங்க. குடியிருப்பாளரோட முதல் காருக்கே சீசன் திறந்தவெளியில 80 வெள்ளி, கூரை இருந்தா 110 வெள்ளி ஆச்சு. மாசா மாசம் கட்டுறேன். ராத்திரி ஒன்பதரைக்கு வேலை முடிஞ்சு வந்தா இடம் இல்ல. மூணு சுத்து சுத்தி அடுத்த புளோக்ல போட்டுட்டு நடந்து வர்றேன். இடமே இல்லாத இடத்துக்கு எதுக்கு வாடகை?

அப்புறம் அந்த வேன்காரர். மஞ்சள் இரட்டைக்கோட்டுல நிறுத்தித்தான் பொட்டலம் கொடுக்க முடியும். அவருக்கு எங்க இடம் கொடுத்திருக்கீங்க? எல்லாரும் இணையத்துல வாங்குறோம், வேன் வாசல்ல நின்னாத் திட்டுறோம்.

பழையசம்மன் எழுதியது:

தம்பி, சீசன்ங்கிறது இடத்துக்கு வாடகை இல்ல, உள்ள நுழையறதுக்கு அனுமதி. எந்த இடமும் உங்க பேர்ல கிடையாது. சிவப்புக்கோடு போட்டது சீசன்காரங்களுக்கு, வெள்ளைக்கோடு வர்றவங்க போறவங்க எல்லாருக்கும். சிவப்புல வெளியாள் நிறுத்தியிருந்தா நேரத்தோட படம் எடுத்து அனுப்புங்க. ஒன்பதரை மணிக்கு இடம் இல்லாத கார்பேட்டைன்னா அதைச் சொல்ற ஒரே வழி அதுதான். கட்டணத்தைக் குறைச்சா உங்களுக்கு இடம் கிடைக்கும்னு நினைக்காதீங்க. குறைச்சா இன்னும் நாலு வண்டி வந்து நிக்கும், அப்ப நீங்க ரெண்டு புளோக் தாண்டித்தான் நடக்கணும். எனக்கும் 110 வெள்ளி அதிகம்னுதான் படுது, அது வேற விஷயம்.

வேன்காரர் பத்திச் சொன்னது நியாயம். அதுக்கு என்கிட்டப் பதில் இல்ல. நான் வேலையில இருந்த காலத்துல ஒரு நாளைக்கு ரெண்டு வேன் வரும், இப்ப ஒரு மணிக்கு ரெண்டு வருது.

நாலாம்மாடி, உங்களுக்கு இன்னொண்ணு. மார்க்கெட் பக்கம் சிக்னல் இருந்தா, கம்பத்துல அட்டை தொடுற பெட்டி இருக்கான்னு பாருங்க. அம்மாவோட மூத்தோர் சலுகை அட்டையை அதுல தொட்டா பச்சை மனுஷன் 3 நொடியிலேருந்து 13 நொடி வரைக்கும் கூடுதலா நிப்பான். 2009லேருந்து இருக்கு. என் சம்சாரம் அதைத் தொட்டுட்டு ராணி மாதிரி நடக்கும்.

நாலாம்மாடி எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன், கொஞ்சம் நீளம்.

நீங்க சொன்ன மாதிரியே ஏழு மணிக்கு நின்னேன். தம்பியை வரவழைச்சு அவன் கார்ல உட்கார்ந்து படம் எடுத்தேன் (இந்தத் தடவை ஒரு மணிக்குப் போட்டான், 40 நிமிஷத்துல கிளம்பினான், மிச்சம் வந்துச்சு, அதை எனக்குப் படம் பிடிச்சு அனுப்பினான்). படத்துல அம்மாவே இல்ல. தள்ளுவண்டியோட ஒரு சக்கரம் மட்டும் தெரியுது. அதைப் பார்த்ததும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுடுச்சு. விளக்குக் கம்ப எண்ணோட, முழங்கால் உயரம்னு எழுதிப் போட்டேன். ஒன்பது நாள் கழிச்சு ஒரு மேற்பார்வையாளரும் ரெண்டு தோட்டக்காரங்களும் வந்தாங்க.

வந்த பிறகுதான் சங்கதி வெளிய வந்துச்சு. வேலின்னு நான் சொன்னதுல பாதிதான் நகர மன்றம் வச்ச செடி. மீதி கறிவேப்பிலை! யாரோ எப்பவோ ஊன்றி, அது பாட்டுக்கு வேலியோட வேலியா வளர்ந்து, அதுதான் தோள் உயரத்துக்கு மறைச்சுட்டு நின்னிருக்கு. மேற்பார்வையாளர், மலாய்க்காரர், "இது எங்க பட்டியல்ல இல்லையே, யாரோடது?"ன்னு கேட்டார். கீழ்த்தளத்துல உட்கார்ந்திருந்த பாட்டிங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல வேற பக்கம் திரும்பினாங்க.

அம்மா மட்டும் முன்னால போய், "வெட்டுப்பா, ஆனா ரெண்டு நிமிஷம் பொறு"ன்னு சொல்லிட்டுத் தள்ளுவண்டியைத் திறந்தாங்க. மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் தினம் ரெண்டு கொத்து ஒடிக்கிறது அங்கதானாம். வேன் வந்த அன்னைக்கும் ஒடிச்சுட்டுத்தான் திரும்பியிருக்காங்க. இதை இத்தனை நாளா என்கிட்ட மூச்சு விடலை.

இப்ப வாசல் பளிச்சுன்னு இருக்கு, ரெண்டு பக்கமும் வண்டி தெரியுது. கண்ணாடி கேட்கலை, தேவைப்படலை.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணே. வேரோட தோண்டின கறிவேப்பிலையில ஒரு கன்னை அம்மா எடுத்துட்டு வந்து பெரிய தொட்டியில வச்சு, வீட்டு வாசல்ல நடைவழியில வச்சிருக்காங்க. தீ ஏதாவது ஆனா ஓடறதுக்கு அங்க 1.2 மீட்டர் வழி விடணுமாமே? அளந்து பார்த்தேன், 1.1 இருக்கு. இது யார்கிட்ட வரும், நகர மன்றமா, குடிமைத் தற்காப்புப் படையா?