ரோட்டுக்குக் காணி போகிறது: ஏழாம் பிரிவு நோட்டிஸும் சோலைவரியும் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வது

ஹட்டனிலிருந்து, காணி உறுதி (பத்திரம்) எழுதும் வேலை தெரிந்தவர்:

ரோட்டு அகலிப்பு, நீர்த்தேக்கம், பாடசாலை என்று அரசு எதற்காகக் காணி எடுத்தாலும் இலங்கையில் சட்டம் ஒன்றுதான். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். 2ஆம் பிரிவு நோட்டிஸ் ஒட்டினால், அளந்து பார்க்க ஆட்கள் காணிக்குள் வரலாம் என்று அர்த்தம். இன்னும் காணி போகவில்லை. என்ன பொதுத் தேவை என்பது அந்த நோட்டிஸிலேயே தெரிய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2000இல் சொல்லியிருக்கிறது. வெறுமனே 'பொதுத் தேவைக்கு' என்று இருந்தால் எழுத்தில் கேளுங்கள். காணியை எடுக்க எண்ணுவதாகச் சொல்லும் 4ஆம் பிரிவு நோட்டிஸ் வந்தால் ஆட்சேபனை எழுதிக் கொடுக்கக் குறைந்தது 14 நாள் தர வேண்டும்.

ஆட்கள் மாட்டிக்கொள்வது, நட்டஈட்டுக் கோரிக்கை கொடுக்கக் கூப்பிடும் 7ஆம் பிரிவில்தான். நோட்டிஸ் வந்து 21 நாளுக்குப் பிறகு விசாரணை வைக்கலாம். விசாரணைக்கு 7 நாள் முன்னதாக உங்கள் கோரிக்கை பிரதேச செயலகத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் கையில் இருப்பது இரண்டு கிழமை. காணிப் பதிவகத்தில் பத்திரப் பிரதி எடுக்கவே அந்த நாட்கள் ஓடிவிடும். அதனால் 2ஆம் பிரிவு நோட்டிஸைக் கண்ட அன்றே கடதாசி சேர்க்கத் தொடங்குங்கள். உறுதி தாத்தா பெயரில், குடியிருப்பது பேரப்பிள்ளைகள் என்றால் மரண அத்தாட்சி, பிறப்பு அத்தாட்சி எல்லாம் வரிசையாக வேண்டும். பங்காளிகளுக்குள் உரித்துச் சண்டை இருந்தால் பணம் யார் கைக்கும் வராமல் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

பண்டாரவளையிலிருந்து, நில அளவை தெரிந்தவர்:

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும் காணியை அளந்து வரைந்த பூர்வாங்க வரைபடம் வந்ததும் அதோடு இணைத்த டெனமென்ட் லிஸ்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம், பரப்பு, உரிமை கோருபவர் பெயர், அதில் என்ன இருக்கிறது என்ற விபரம் அதில் இருக்கும். நம் ஆட்கள் பேசுவது பேர்ச்சில், வரைபடம் இருப்பது ஹெக்டேயரில். 0.0126 ஹெக்டேயர் என்றால் 126 சதுர மீட்டர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர், ஆகவே அது கிட்டத்தட்ட 5 பேர்ச்.

அந்த லிஸ்டின் விபர நிரலில் 'வீடு' என்று ஒரு சொல் போட்டிருந்தால் போதாது. தாங்கு சுவர், கல் படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி, கழிவறைக் குழி, கொன்கிரீட் கான், கேட்டுத் தூண் எல்லாம் தனித்தனியே பதிய வேண்டும். நம் பக்கத்துச் சரிவில் தாங்கு சுவர் பெரிய செலவு. அது நிரலில் விடுபட்டால் மதிப்பீட்டிலும் விடுபடும். உயரம், நீளம் அளந்து, அளவு நாடாவைச் சுவரில் வைத்தே படம் எடுத்து வையுங்கள். உடைத்த பிறகு அதை நிரூபிக்க வழியில்லை.

கண்டியிலிருந்து, மதிப்பீடு தெரிந்தவர்:

பணம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அடிப்படை, 7ஆம் பிரிவு நோட்டிஸ் வர்த்தமானியில் வந்த நாளில் காணிக்கு இருந்த சந்தை விலை. பக்கத்துக் காணிகள் விற்ற உறுதிகளை மதிப்பீட்டுத் திணைக்களம் எடுத்துப் பார்க்கும். முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் இங்கேதான் ஊர் முழுவதையும் அடிக்கிறது. அதைத் தாண்ட, உண்மையான விலை தெரியும் உறுதிகள் இரண்டு மூன்றின் இலக்கத்தைத் தேடிக் கோரிக்கையோடு கொடுங்கள்.

2009 ஜனவரியில் வர்த்தமானியில் வந்த நட்டஈட்டு ஒழுங்குவிதிகள் மிக முக்கியம். காணியில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது, அந்த மெல்லிய கீற்றைத் தனியாக விற்றால் யாரும் விலை தரமாட்டார்கள். அப்படி விலை குறையுமானால் முழுக் காணியின் விலைக்கு விகிதப்படி தர வேண்டும் என்கிறது விதி. பழைய கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்த பெறுமதியோடு நிறுத்தாமல், திரும்பக் கட்டும் செலவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தையும் தர வேண்டும். வீடு மாறும் செலவு, மாற்று இடம் தேடிய செலவு, விசாரணைக்கு வந்த செலவுகூடக் கேட்கலாம். கேட்காத தலைப்பை யாரும் தேடிப் போட்டுத் தரமாட்டார்கள்.

கடை, மரக்கறித் தோட்டம், சிறு தேயிலைக் காணி வைத்திருப்போர் வருமான இழப்பும் கேட்கலாம். முந்தைய மூன்று வருட இலாபத்தைப் பார்ப்பார்கள். கொழுந்து பில், கணக்குப் புத்தகம், வங்கிப் புத்தகம் மூன்று வருடத்துக்கு வேண்டும். வாய்ச் சொல் எடுபடாது.

மிஞ்சும் துண்டைக் கவனியுங்கள். 10 பேர்ச்சில் 5 போனால் மீதி 5. நகர அபிவிருத்தி அதிகார சபை எல்லைக்குள் சாதாரணமாக 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டில் கட்ட அனுமதி கிடைக்காது. மண்சரிவு அபாயப் பகுதியென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் வேண்டும். ரோட்டுக்காக அடிவாரத்தை வெட்டிய மேட்டில் அது கிடைப்பது கஷ்டம். மீதிக் காணிக்கு ஏற்பட்ட பாதிப்பு என்று தனித் தலைப்பில் கேளுங்கள், அல்லது முழுவதையும் எடுக்கும்படி எழுதுங்கள்.

தலவாக்கலையிலிருந்து, தோட்டக் காணி விடயம் தெரிந்தவர்:

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஆட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. லயத்தில் இருப்போரிடம் உறுதி இல்லை. மாத வாடகைக்காரரைக் காணியில் அக்கறையுள்ளவராகச் சட்டம் எடுத்துக்கொள்வதும் இல்லை. ஐந்து தலைமுறை இருந்த இடத்தில் இது பெரிய அநியாயம். ஆனாலும் கோரிக்கை கொடுக்காமல் இருக்காதீர்கள். சொந்தக் காசில் நீட்டிக் கட்டிய குசினி, போட்ட தகரம், நட்ட அவகாடோ, மிளகுக் கொடி, மாட்டுப்பட்டி எல்லாவற்றையும் எழுதுங்கள். உரித்து இல்லாதோரையும் நியாயமாக மீள்குடியேற்ற வேண்டும் என்று 2001இன் தேசிய மீள்குடியேற்றக் கொள்கை சொல்கிறது. மேல் கொத்மலைத் திட்டத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு மாற்று வீடு கட்டிக் கொடுத்தார்கள். தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) பெயர், வாக்காளர் இடாப்பு, மின்சார பில், கிராம உத்தியோகத்தர் கடிதம், இந்த நான்கும் கையில் இருக்கட்டும். தோட்டக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த பசும்பொன் உறுதி கிடைத்த 7 பேர்ச் காணியென்றால் நிலைமை வேறு, உறுதிக்காரராகவே கோரிக்கை கொடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து, மாநகர சபை வேலை தெரிந்தவர்:

சபைக்குக் கட்டும் சொத்து வரியான சோலைவரியின் பில்லில் உள்ள ஆண்டுப் பெறுமதி குறைவாக இருப்பதால் நட்டஈடும் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது வரிக்கான வாடகைக் கணக்கு, நட்டஈடு சந்தை விலைக்கணக்கு. அதே நேரம் சோலைவரிப் புத்தகத்தில் பெயர் மாற்றிவிட்டால் உரித்து வந்துவிடாது, பதிவான உறுதிதான் உரித்து. பில் உதவுவது, அந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்கள், எந்தக் கட்டடம் எந்த வருடத்திலிருந்து இருந்தது என்று காட்டுவதற்கு.

காணியில் பாதி போன பிறகும் சபை பழைய பெறுமதிக்கே பில் அனுப்பும், காரணம் யாரும் அறிவிப்பதில்லை. உடைமை எடுத்த திகதி, பூர்வாங்க வரைபடத்தின் பிரதி, வரி இலக்கம் மூன்றையும் இணைத்து, அடுத்த காலாண்டிலிருந்து குறைத்துத் தரும்படி எழுதி, பெற்றதற்கு முத்திரை குத்தி வாங்குங்கள். இல்லாவிட்டால் நிலுவை ஏறி வாரண்ட் கட்டணமும் சேரும். முழு வருட வரியை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. ஆனால் வருட நடுவில் காணி போகும் என்று தெரிந்தால் காலாண்டுக்குக் காலாண்டு கட்டுவதே நல்லது.

கடைசியாக, நட்டஈட்டுத் தீர்மானம் 17ஆம் பிரிவில் வரும். தொகை போதாது என்றால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய 21 நாள் உண்டு. கடித உறையை எறிந்துவிடாதீர்கள், அதிலுள்ள தபால் முத்திரைத் திகதியை வைத்துத்தான் நாள் கணக்குச் சண்டை வரும்.